மாலையைக் கழற்றிய மறுநாள்

தை பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் என்னைப் போன்ற மனநல மருத்துவர்களுக்கு ஒரு சீசன். சபரிமலைக்கு மாலை போட்டுக் கழற்றியவர்கள் முதலில் வருவார்கள், பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்கள் அடுத்து. கூட வரும் மனைவியோ ஆத்தாவோ சொல்வது மட்டும் மாறுவதே இல்லை. "மாலை போட்டிருந்த 48 நாளும் தங்கமா இருந்தாக டாக்டர். கழட்டுனதும் குடிக்க ஆரம்பிச்சுட்டாக. இவுகளுக்கு வைராக்கியமே இல்ல."

இந்த வாரம் வந்தவர் விசேஷ வீடுகளுக்குச் சமைப்பவர். மாலையைக் கழற்றிய சில நாளில் ஒரு கல்யாண வேலை. பந்தி முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, "ஒரே ஒரு கட்டிங்தானே மச்சான்" என்று ஒருவர் நீட்ட, பழையபடி ஆகிவிட்டது. மாமியார் என் முன்னாலேயே அவரை வைராக்கியம் கெட்டவர் என்று திட்டித் தீர்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வைராக்கியம் இல்லாதவரா மார்கழிக் குளிரில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்தார்? வெறுங்காலோடு நடந்தார்? அது அவரிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. நீங்கள் பார்க்கத் தவறியது வேறு. அந்த 48 நாளும் அவர் நேரத்துக்கு எழுந்தார், நேரத்துக்குச் சாப்பிட்டார், சாயங்காலம் பஜனைக்குப் போனார். பழைய கூட்டாளிகள் போன் செய்யவில்லை. செய்தாலும் "மாலை போட்டிருக்கேன்" என்ற ஒரே பதில் போதுமாக இருந்தது. தெருவில் எல்லோரும் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். மாலையைக் கழற்றிய அன்றே இத்தனையும் ஒன்றாகப் போய்விட்டது. எழ நேரமில்லை, போக இடமில்லை, மறுக்கக் காரணமில்லை, வீட்டிலும் பழைய பேச்சு. சாரத்தைப் பிரித்துவிட்டு, ஈரச்சுவர் ஏன் சாய்ந்தது என்று கேட்டால் எப்படி?

மாலை போடுவதைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குடியிலிருந்து மீள்கிறவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதில் பாதி அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தினமும் குடிப்பவர், முதல் நாள் ராத்திரி வழியனுப்பு விழா மாதிரிக் குடித்துவிட்டு, விடிந்ததும் மாலை போட்டுச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். இரண்டாவதிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்து அலறலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. சாமி வந்துவிட்டது, சாமி குற்றம் என்று வீட்டிலேயே திருநீறு பூசிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். "நான் ஒரு குவார்ட்டர்தானே" என்பவருக்கும் சொல்கிறேன், அந்த 180 மில்லியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கார்த்திகையில் மாலை என்றால் ஐப்பசியிலேயே மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்துக்கு மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து பத்திரமாக நிறுத்தலாம்.

சரி, நிறுத்தியாகிவிட்டது. மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், நான் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் பலர் சறுக்குகிறார்கள். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நான்கில் ஒன்று இருந்தாலே குடிக்கத் தோன்றும். அந்த நேரத்தில் நான்குமே சேர்ந்திருக்கும். அதனால் ஐந்து மணிக்கு இடைப்பலகாரம் கொடுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லித்தரவா வேண்டும்? நாலு பணியாரமோ ஒரு சீயமோ போதும். சமையல் வேலை செய்பவர்கள் கடைசிப் பந்திவரை வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். அவர்கள் கட்டாயம் முதலிலேயே சாப்பிட வேண்டும்.

குடிக்க வேண்டும் என்ற வெறி அலை மாதிரி எழும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். குடிக்காவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும் என்ற பயத்தில்தான் பலர் கடைக்குப் போகிறார்கள். போகாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் தள்ளுங்கள். குளியுங்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். யாருக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள், அந்த நேரத்தில் பெயர் தேட முடியாது.

டாஸ்மாக் இருக்கும் வழியாக வீட்டுக்கு வராதீர்கள், இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை. சனிக்கிழமைக் கூலி கையில் வர வேண்டாம், வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தூக்கம் சரியாகச் சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட ஆகும், அதற்காக மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். குடிக்குப் பதில் கூல் லிப் புகையிலையைப் போட்டுக்கொண்டு "விட்டுட்டேன் டாக்டர்" என்று சொல்லவும் வேண்டாம்.

"ஒரு கட்டிங்தானே" என்பவரிடம் சொல்லும் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காரு, குடிச்சா ஆகாது" என்பது போதும். நீளமாக விளக்கம் சொன்னால் அவர் வாதம் பண்ணுவார். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறீர்களா? குடிக்காத தம்பியையோ மகனையோ கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டம் கலையும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

தாய்மார்களே, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைத் தயவுசெய்து பொடி பண்ணிச் சாம்பாரில் கலக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கிச் சாகக்கூட நேரிடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. அவர் சம்மதித்து, பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு கொடுக்க வேண்டிய மருந்து அது.

சமையல்காரரின் மாமியாரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். இன்னொரு தடவை சறுக்கினால், அன்று ராத்திரி சண்டை வேண்டாம், காலையில் சாப்பாடு போட்டு இங்கே அனுப்புங்கள். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று நினைக்கிறவர்தான் ஒரு கட்டிங்கோடு நிற்காமல் ஒரு மாதம் குடிக்கிறார். வர வெட்கமாக இருந்தால் 14446க்கு அழைக்கலாம், போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனம் தாளாத இரவுகளுக்கு 14416. இரண்டுமே இலவசம், வீட்டில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.