முட்டிக்குள் வைத்த ஸ்பீக்கர்

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும்; டைனமோவில் வரும் கரண்டில் கசெற் ஓடும். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் பாட்டும் இழுபடும். அந்த நாட்களில் அண்ணா ஒரு காரியம் செய்தார். பழுதாய்ப்போன ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய நாலு இஞ்சி ஸ்பீக்கரை மண்முட்டி ஒன்றின் வாயில் பொருத்தி, சுற்றிவரத் துணியால் அடைத்தார். அதுவரை தகரத்தில் தட்டுவதுபோல் கேட்ட பாட்டில் அன்றைக்குத்தான் மிருதங்கம் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதே ஸ்பீக்கர், அதே டைனமோ. கூடியது ஒரு முட்டி மட்டும்தான்.

இப்போது தெரிந்தவர்கள் வந்து, "எவ்வளவு காசு போட்டால் நல்ல செற் எடுக்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முட்டிதான் ஞாபகம் வரும். ஏனென்றால் அதற்குள் பாதி விடை இருக்கிறது.

ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு முன்னுக்குத் தள்ளும்போது அதன் முன்னால் காற்று நெருங்குகிறது. அதே நேரத்தில் பின்னால் காற்று ஐதாகிறது. கீச்சென்ற சத்தங்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. 3,000 ஹேட்ஸ் (ஒரு செக்கனுக்கு 3,000 தடவை அதிரும்) ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர்தான். அது நேராகப் போய்விடும். ஆனால் 100 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீற்றர் அளவு. அவ்வளவு நீளமான அலைக்கு நாலு இஞ்சி ஸ்பீக்கர் ஒரு தடையே இல்லை. பின்னால் ஐதான காற்றை முன்னால் நெருங்கிய காற்று ஓரத்தால் சுற்றிப் போய் நிரப்பிவிடும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் ஆழ்ந்த சத்தம் தரும் இடந்தலை காணாமல் போவது இப்படித்தான். முட்டி செய்தது, பின்பக்கத்து அலையை உள்ளே பூட்டி வைத்தது. கடையில் விற்கும் எந்த ஸ்பீக்கர் பெட்டிக்கும் முதல் வேலை இதுதான்.

முட்டிக்கு ஒரு குறையும் இருந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் அது தானும் சேர்ந்து முனகும். மெல்லிய பலகையில் செய்த மலிவான பெட்டிகளுக்கும் இதே வியாதி உண்டு. விரல் மூட்டால் பெட்டியின் பக்கத்தில் தட்டிப் பாருங்கள்: "டொக்" என்று உடனே அடங்கினால் நல்லது, "டொம்ம்" என்று நீண்டால் அந்தச் சத்தம் ஒவ்வொரு பாட்டிலும் கலக்கும். தடித்த பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள், பெரிய காந்தம், தூரம் அசையக்கூடிய கூம்பு ஆகியவற்றுக்குக் காசு செலவாகத்தான் செய்யும். 80 ஹேட்ஸில் கேட்கும் அதே அளவு சத்தம் 40 ஹேட்ஸிலும் வேண்டுமென்றால் நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதைக் குறுக்கு வழியில் செய்ய இயலாது. ஆகவே ஸ்பீக்கரில் விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மிக மலிவானதிலிருந்து நடுத்தர விலைக்கு ஏறும்போது வித்தியாசம் நன்றாகவே கேட்கும். அதற்கு மேலே போகப் போக, கூடுதல் காசில் பெரும்பகுதி மரத்தின் பளபளப்புக்கும் பெயருக்கும் போய்விடுகிறது.

மற்றச் சாமான்களின் கதை வேறு. 1982 இல் வந்த சீடி ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து பதிகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய 20,000 ஹேட்ஸ் வரை அதற்குள் அடங்கிவிடும். நாற்பது வயது தாண்டிய எங்களில் பலருக்கு அந்த உச்சி ஏற்கனவே கேட்பதில்லை. அம்பிளிஃபயரும் அப்படித்தான். இன்றைக்கு ஒரு விரல்நகம் அளவான சிப், தன் சக்திக்குள் ஓடும்போது, காது பிடிக்காத அளவுக்குச் சுத்தமாக வேலை செய்கிறது. அதே நேரம் அடிச்சத்தத்தில், அதாவது தாழ்ந்த சுருதியில், ஒரு சாதாரண ஸ்பீக்கர் சேர்க்கும் பிசகு அதைவிடப் பல மடங்கு. வயரைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கிற 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை ஐந்து மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போகவரச் சேர்த்துத் தடை 0.07 ஓம் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் அச்சடித்த "2,000 வாட்ஸ் பீஎம்பீஓ" (ஒரு கணத்து உச்ச சக்தி என்று சொல்வது) என்பதையும் நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. செற்றைத் திருப்பி, பின்பக்கத்து ஒட்டியில் 230 வோல்டில் எத்தனை வாட்ஸ் எடுக்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சுவரிலிருந்து 40 வாட்ஸ் எடுக்கிற செற்றால் 2,000 வாட்ஸை விடாமல் எப்படித் தர முடியும்?

அப்படியென்றால் விலை கூடியதைக் கேட்டவுடன் ஏன் நன்றாக இருக்கிறது? காது தனியாகக் கேட்பதில்லை, கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது. புளொயிட் டூல் என்ற ஆய்வாளர் கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் பல வருடங்கள் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சோதித்தவர். பிறகு ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் என்பவருடன் சேர்ந்து 1994 இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டும், ஒருமுறை மறைத்தும் கேட்டார்கள். பார்த்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்குப் புள்ளி ஏறியது, சின்னதற்கு இறங்கியது. மறைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. கேட்டவர்கள் அந்த ஸ்பீக்கர் கம்பனியின் ஊழியர்களே. கண்ணை மறைத்தால் ஆட்களுக்குப் பிடித்தது எந்தச் சுருதியையும் தூக்காமல் அமுக்காமல் சமமாகத் தரும் ஸ்பீக்கர் என்பது இவர்களின் நெடுநாள் வேலையில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

சத்தத்தின் அளவும் ஏமாற்றும். ஒரு டெசிபெல் கூடினாலே அது கூடின சத்தமாகத் தெரியாது, கூடின தரமாகத்தான் தெரியும். கடையில் இரண்டு செற்றை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

போன வருடம் மச்சான் ஒருவர் நல்ல விலையில் ஒரு சோடி வாங்கினார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சீமெந்து நிலம், பூசின சுவர், ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில். கேட்டால் தவிலின் தொப்பியில் (கம்பால் அடிக்கும் இடப்பக்கம்) விழும் ஒவ்வொரு அடியும் அடுத்த அடி வரைக்கும் நின்று முழங்கியது. பத்தடி இடைவெளிச் சுவர்களுக்குள் 57 ஹேட்ஸ் அளவில் ஒலி தேங்கும், பன்னிரண்டு அடிக்கு 48. மூலையில் வைத்தால் அந்தத் தேக்கம் கூடும். ஸ்பீக்கர்களை மூன்றடி வெளியே இழுத்தோம், நிலத்தில் பாய் விரித்து, பின்சுவரில் பஞ்சு மெத்தை ஒன்றைச் சாத்தினோம், ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். திறந்த ஜன்னலால் அடிச்சத்தத்தில் ஒரு பகுதி வெளியே போய்விடும், அது திரும்பி வராது. பிறகு தவில் வித்துவான் அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் பழைய பதிவு ஒன்றைப் போட்டோம். வலந்தலையில் விரல்கள் ஓடுவதும் தொப்பியில் கம்பு விழுவதும் வேறு வேறாக, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அடங்கின. மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தட்டிய கணத்தில் பிறந்து உடனே அடங்கும் ஒலி தவிலுடையது. ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து கார்கோவில் வரும் பழைய பெரிய செற்றுகள் இப்போது இங்கே நிறைய விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பல உண்மையிலேயே நல்ல சாமான். ஆனால் கூம்பின் ஓரத்து வளையம் ஸ்பொஞ்ச் என்றால், எங்கள் வெக்கையும் ஈரக்காற்றும் பத்துப் பதினைந்து வருடத்தில் அதைத் தின்றுவிடும். ரப்பர் வளையம் அதைவிட நீண்டகாலம் தாங்கும். காசைக் கொடுக்க முன் முன்பக்கத் துணியைக் கழற்றி அந்த வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசினாக ஒட்டினால் அல்லது மாவாக உதிர்ந்தால், வளையம் மாற்றுகிற செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.