அலைதிருத்தி

ரேடியோ மெக்கானிக்குகள் 'ரெக்டிஃபையர்' என்று வழங்கும் உறுப்பைத் தமிழகப் பாடநூல்கள் 'அலைதிருத்தி' என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'சீராக்கி' என்றும் குறிக்கின்றன. மாறுதிசை மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடுவது இதன் வேலை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்: 'ரெக்டஸ்' என்றால் நேரானது, 'ஃபாகெரே' என்றால் செய்தல். மின்னியலுக்கு வருமுன்பே அச்சொல் காய்ச்சி வடிக்கும் தொழிலில் புழங்கியது. 'ரெக்டிஃபைடு ஸ்பிரிட்' அந்தப் பழைய பொருளின் மிச்சம். தமிழில் 'திருந்து' என்னும் தன்வினைக்குப் பிறவினை 'திருத்து'. அதனோடு இகர விகுதி சேரக் கருவிப்பெயராகிய 'திருத்தி' கிடைக்கிறது.

இரண்டு தமிழ்ச் சொற்களில் 'அலைதிருத்தி'யே எனக்கு ஏற்புடையது. 'சீராக்கி' என்றால் ஏற்ற இறக்கம் நீங்கிய மின்சாரத்தைத் தருவது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அலைதிருத்தியிலிருந்து வருவது துடிக்கும் மின்னோட்டம், அதைச் சமன்படுத்துவது அடுத்திருக்கும் வடிகட்டிக் கண்டன்சர். பழைய வானொலியில் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் அந்தக் கண்டன்சரைத்தான்.

1904இல் ஃபிளெமிங் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டையோடு வால்வின் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) வழிவந்தவையே தொடக்ககால வானொலிகளின் அலைதிருத்திகள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க வானொலிகள் பலவற்றில் செலினியம் அலைதிருத்தி இடம்பிடித்தது: செலினியம் பூசிய சதுர உலோகத் தட்டுகள் ஐந்தாறு, நடுவே ஒரு போல்ட்டில் கோக்கப்பட்டிருக்கும். அது முதுமையடையும்போது உள்தடை ஏறி, வெளிவரும் மின்னழுத்தம் குறைகிறது. எரிந்தாலோ அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றத்துடன் நச்சுப்புகை வருகிறது. ஆகவே அது இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக விட்டுவைப்பது உசிதமன்று.

மாற்றாக 1000 வோல்ட், 1 ஆம்பியர் தாங்கும் 1என்4007 சிலிக்கன் டையோடு போதும். சிக்கல் அதன் திறமையிலேயே உள்ளது. செலினியத்தில் தட்டுக்குச் சுமார் 1 வோல்ட் வீழ்ச்சி உண்டு, முதுமையில் அது மேலும் கூடும். சிலிக்கனிலோ மொத்தமே ஏறத்தாழ 0.7 வோல்ட். அதனால் வெளிவரும் மின்னழுத்தம் முன்பைவிடக் கூடிவிடும். மின்கலம், வீட்டு மின்சாரம் இரண்டிலும் இயங்கும் அக்காலக் கையடக்க வானொலிகளில் 1ஆர்5, 1யு4, 1யு5, 3வி4 போன்ற வால்வுகளின் மெல்லிய இழைகள் தொடராக இணைக்கப்பட்டு, அலைதிருத்தியிலிருந்தே 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைப் பெறுகின்றன. அழுத்தம் சற்றே மிகுந்தாலும் அந்த இழைகள் கருகிவிடலாம், ஒன்று அறுந்தால் வானொலியே ஊமையாகிவிடும். எனவே டையோடுடன் தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்து, முதலில் பெரிய மதிப்பில் தொடங்கி, 1.4 வோல்ட் இழையின் முனைகளில் அளந்து, 1.3 வோல்ட்டை ஒட்டி நிற்கும்வரை படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான முறை.

35இசட்5 போன்ற வால்வு அலைதிருத்தியை நீக்கினால் வேறொரு கணக்கும் சேரும். அதன் 35 வோல்ட் சூடேற்றி (வால்வைச் சூடாக்கும் உள்கம்பி) மற்ற வால்வுகளின் சூடேற்றிகளோடு தொடரில் இருப்பதால், அதன் இடத்தில் சுமார் 233 ஓம் மின்தடை வேண்டும், 0.15 ஆம்பியரில் அது 5 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழும் என்பதால் 10 வாட் வகையே தகும். செலினியத் தட்டுகளை மட்டும், தோற்றம் கெடாமலிருக்க, இணைப்புகளைத் துண்டித்துவிட்டு இருந்த இடத்திலேயே விடலாம்.