காட்டுத்தீ எஸ்எம்எஸ் உங்களுக்கும் வரும்: பதிவு செய்வதும், வந்ததைச் சரியாகப் படிப்பதும்

மாசி பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் ராத்திரி மலைமேல் சிவப்பாக ஒரு கோடு தெரியும், பார்க்கிறவர்கள் "மலை எரியுது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள், ஏனென்றால் எந்த இடம் என்று தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. ஆனால் அந்தத் தீ செயற்கைக்கோள் கண்ணில் பட்டால் வனத்துறைக்காரர்களுக்குப் போகிற எச்சரிக்கையை நீங்களும் உங்கள் போனில் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. அரசு ஊழியராக இருக்க வேண்டியதும் இல்லை.

இதை நடத்துவது டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருவது. 2004-லிருந்தே செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீயைக் கண்டுபிடித்து மாநிலங்களுக்குச் சொல்லி வருகிறார்கள். 2019-ல் வந்த இந்தச் சேவையின் ஃபாஸ்ட் 3.0 என்ற வடிவத்தில் எச்சரிக்கை பீட் (ஒரு வனக் காவலர் பார்த்துக்கொள்ளும் சிறு பகுதி) அளவுக்கு இறங்கிவிட்டது, அதாவது எந்தக் கோட்டம், எந்தச் சரகம், எந்த பீட் என்பது வரை வந்துவிடும். பதிவு செய்ய இவர்களுடைய 'வன் அக்னி' இணையதளத்துக்குப் போய், பெயரும் மொபைல் எண்ணும் கொடுத்து, உங்களுக்கு எந்தப் பகுதியின் எச்சரிக்கை வேண்டும் என்று தேர்வு செய்ய வேண்டும். தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் ஊரில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை யாரையாவது கூட வைத்துக்கொண்டு செய்வது நல்லது. மாவட்டம் முழுவதற்கும் கேட்டால் சீசனில் மெசேஜ் குவிந்து நீங்களே பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள், உங்கள் ஊரை ஒட்டிய சரகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது? புகையையோ சுடரையோ அல்ல, சூட்டைப் பார்க்கிறது. சுற்றியுள்ள நிலத்தைவிட ஒரு கட்டம் மட்டும் திடீரென்று அதிக வெப்பக் கதிரை வெளியிட்டால் அங்கே தீ என்று குறிக்கிறது. டெரா, அக்வா என்ற செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவிக்கு ஒரு கட்டம் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். பின்னால் வந்த விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர், ஏறக்குறைய 35 ஏக்கர். விர்ஸ் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணியை ஒட்டியும் நள்ளிரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். ஹைதராபாத்தின் தேசிய தொலையுணர்வு மையம் அந்தத் தரவைச் சீர்செய்து டேராடூனுக்கு அனுப்ப, அங்கே காட்டு எல்லை வரைபடத்தோடு பொருத்தி, காட்டுக்கு வெளியே இருப்பதைக் கழித்துவிட்டு மெசேஜாக அனுப்புகிறார்கள். ஆகவே மெசேஜ் உங்கள் கையில் விழும்போது தீக்கு வயது சில மணி நேரம் ஆகியிருக்கும். மூன்று மணிக்குப் பற்றி ஒன்பது மணிக்கு அணைந்த தீ கணக்கிலேயே வராமல் போகலாம். மேகம் மூடினாலும், அடர்ந்த மரங்களுக்கு அடியில் சருகு மட்டும் எரிந்தாலும் அப்படித்தான்.

மெசேஜில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை தீ எரியும் இடம் அல்ல, அந்தக் கட்டத்தின் நடுப்புள்ளி. தீ அங்கிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். வனத்துறையே திட்டமிட்டு எரிக்கும் தீத்தடுப்புக் கோடாகவும் இருக்கலாம். அதனால் மெசேஜ் வந்ததும் சரக அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், தயவுசெய்து நான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு மலையேறாதீர்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடாகாது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது காய்ந்த புல் சரிவில் பரவிய தீயில்தான்.

அப்புறம், எனக்குப் பெரிய வருத்தம் தரும் ஒரு குழப்பம் இருக்கிறது. "இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் காட்டுத்தீ" என்று செய்தி வருகிறதே, அந்த எண் பெரும்பாலும் எச்சரிக்கைப் புள்ளிகளின் எண்ணிக்கை. ஒரே பெரிய தீ மூன்று நாள் எரிந்தால் அது பத்துக் கட்டங்களில், செயற்கைக்கோளின் பல சுற்றுகளில் விழுந்து டஜன் கணக்கான புள்ளிகளாகிவிடும். மோடிஸ் கணக்கையும் விர்ஸ் கணக்கையும் பக்கத்தில் வைத்து "தீ பல மடங்கு கூடிவிட்டது" என்று சொல்வதும் தப்பு, கட்டம் சிறிதானால் புள்ளி கூடத்தான் செய்யும். புள்ளியை 35 ஏக்கரால் பெருக்கி எரிந்த பரப்பு என்று சொல்வது அதைவிடப் பெரிய தப்பு.

எரிந்த நிலத்தை அளக்க வழி வேறு. பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும், கரிந்த நிலம் அதை விழுங்கிவிட்டு குறு அலை அகச்சிவப்பை அதிகம் திருப்பும். தீக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் வைத்து இந்த இரண்டின் விகிதம் எவ்வளவு மாறியது என்று பார்த்தால், எங்கே எரிந்தது, எவ்வளவு கடுமையாக எரிந்தது என்று எல்லை போட்டே காட்டிவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 20 மீட்டர் துல்லியத்தில் இதற்குக் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். நம் காடுகளில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இலையுதிர் காட்டில் கோடையில் மரம் மொட்டையாக நிற்பதே பாதி எரிந்த மாதிரி தெரியும். இன்னொன்று, ஒரு நல்ல கோடை மழை பெய்தால் சில வாரத்தில் புல் துளிர்த்து வடு மறைந்துவிடும். அதனால் தீ அணைந்தபின் மேகமில்லாமல் கிடைக்கும் முதல் படத்தையே எடுத்துவிட வேண்டும்.

காட்டை ஒட்டிய கிராமங்களுக்கு இது வெறும் தகவல் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டு வளத்தை, அதாவது ஊர் மக்கள் வழிவழியாகப் பயன்படுத்தி வரும் பொதுக் காட்டை, பாதுகாக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுத்திருக்கிறது, அதைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கும் உண்டு. கிராம சபை சார்பில் இரண்டு பேர் எச்சரிக்கைக்குப் பதிவு செய்து, வந்த மெசேஜையும் யாருக்கு எப்போது போன் செய்தோம் என்பதையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வரலாம். சீசன் முடிந்ததும் மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். அதில் "எத்தனை தீ" என்று கேட்காதீர்கள். இன்ன சரகத்தில் இன்ன மாதங்களில் எரிந்த பரப்பு பீட் வாரியாக எத்தனை ஹெக்டேர், அது நேரில் அளந்ததா செயற்கைக்கோள் படத்தில் அளந்ததா, எந்தத் தேதிப் படம் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.