ஆர்கன்ஸாவின் ஊமை எழுத்து

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், லெட்வில் ஊருக்கு அருகே ஓர் ஆறு பிறக்கிறது. சுமார் 2,350 கிலோமீட்டர் ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. கொலராடோக்காரர்கள் அதை ஆர்கன்ஸா என்கிறார்கள். அடுத்த மாநிலமான கான்ஸஸுக்குள் நுழைந்ததும், அங்கே பலருக்கு அது ஆர்கான்ஸஸ். ஓக்லஹோமாவைத் தாண்டி, தன் பெயரையே கொண்ட மாநிலத்துக்குப் போனால் மறுபடி ஆர்கன்ஸா. எழுதுவதென்னவோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான், கடைசியில் ஒரு 'எஸ்' போட்டு.

இந்தக் குழப்பத்தின் வேர் 1673-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜாக் மார்க்கெட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் லூயி ஜோலியேயும் மிசிசிப்பி வழியாகப் படகில் இறங்கி, குவாபா என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் வரை வந்தார்கள். அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு 'ஆற்றின் கீழ்ப்பக்கத்தார்' என்று பொருள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுடைய பெயரை முதலில் கேட்டது வடக்கே இருந்த இலினாய் மக்களின் வாயிலிருந்து. இலினாய் மொழியில் குவாபாக்களின் பெயர் 'அகான்ஸா'. இதில் உள்ள 'கான்ஸா' அவர்களோடு உறவுடைய இன்னொரு பழங்குடியின் பெயரிலும் உண்டு; கான்ஸஸ் மாநிலத்துக்குப் பெயர் கொடுத்தது அந்தப் பழங்குடிதான். ஆக, இரண்டு மாநிலப் பெயர்களுக்கும் வேர் ஒன்றே.

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கூட்டத்தின் பெயர் என்பதால் பன்மைக்கு எஸ் சேர்த்து எழுதினார்கள். பிரெஞ்சில் அந்த எஸ் எழுத்தில் மட்டுமே இருக்கும், வாயில் வராது. இலினாய் மாநிலப் பெயரின் கடைசி எஸ் இன்றும் ஒலிக்காததும் இதே பழக்கத்தால்தான். பக்கத்து ஓஸார்க் மலைகளின் பெயரும் இதே சொல்லின் பிரெஞ்சுச் சுருக்கத்திலிருந்து வந்ததாகவே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அப்புறம் ஆங்கிலம் பேசுபவர்கள் வந்தார்கள். அவர்களில் உள்ளூர் பிரெஞ்சுக்காரர்களோடு பழகி, பெயரைக் காதால் கேட்டவர்கள் 'ஸா' என்றே முடித்தார்கள். 1819-இல் இந்தப் பகுதியைத் தனிப் பிரதேசமாக்கிய சட்டம்கூட பெயரைக் கேட்டபடி, எஸ் இல்லாமல்தான் எழுதியது. அதே ஆண்டு தொடங்கிய 'ஆர்கன்ஸா கெஸட்' பத்திரிகை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை அச்சிட, அதுவே நிலைத்தது. பெயரைத் தாளில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிற எழுத்தையெல்லாம் ஒலித்தார்கள். மொழியியலில் இதை எழுத்துவழி உச்சரிப்பு என்பார்கள். நம் பத்திரிகைகளில் 'ஆர்கன்சாஸ்' என்று அச்சாவதும் அதே வகைதான்.

உள்ளூரிலேயே இரண்டு கட்சி இருந்தது. மாநிலத்தின் இரு செனட்டர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பார்கள். கடைசியில் 1881-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது: மூன்று அசை, கடைசி எஸ் ஒலிக்காது, அழுத்தம் முதல் அசையிலும் கடைசி அசையிலும். நடு அசையை அழுத்தி, எஸ்ஸை ஒலிப்பது ஊக்குவிக்கத்தகாத புதுமை என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைப்பது அபூர்வம். ஒலி வடிவத்தையும் பெயரின் உண்மையான வடிவமாக மதித்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

ஆனால் ஆங்கிலத்தின் ஒலிவிதிகள் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. அழுத்தம் விழாத அசையில் உயிரொலி தேய்ந்துவிடும். அதனால்தான் ஊர்க்காரர் பேச்சில் நடுவிலுள்ள 'கன்' பாதி விழுங்கப்படுகிறது. கடைசி அசை 'ஸா'வுக்கும் 'ஸோ'வுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த மாநிலத்தவரைக் குறிக்கப் பின்னொட்டுச் சேர்த்தால் அழுத்தம் நடு அசைக்கு நகர்கிறது. உடனே தேய்ந்திருந்த உயிரொலி விரிந்து, 'ஆர்கேன்ஸன்' என்றாகிறது. ஆக, மாநிலம் ஆர்கன்ஸா. அங்கே வாழ்பவர், கான்ஸஸ்காரர்கள் சொல்லும் ஒலிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்!

ஊமை எஸ் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. 'ஆர்கன்ஸாவின்' என்று உடைமைப் பொருளில் ஆங்கிலத்தில் எழுதும்போது, ஏற்கெனவே எஸ் இருப்பதால் ஒற்றை மேற்கோள்குறி (') மட்டும் போதுமா, இன்னொரு எஸ்ஸும் வேண்டுமா? முதல் எஸ் ஒலிக்காது என்பதால், ஒலிப்பதற்கென்று இன்னொன்று சேர்ப்பதுதான் சரி. 2007-இல் சட்டமன்றமும் அப்படியே தீர்மானித்தது.