வாங்கத் தூண்டும் மூளையும் வாசலில் வந்து நிற்கும் பொட்டலமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சம்பளம் போட்ட வாரம் எது என்பதை, தெருவுக்குள் வந்துபோகும் விரைவஞ்சல் மோட்டார்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசையை விட்டு வெளியேறி, நகரத்தை ஒட்டிய தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களும், இன்னமும் செம்பனைத் தோட்டத்திலேயே வேலை செய்பவர்களும், முன்பு ஈப்போவுக்குப் பேருந்து ஏறிப் போய் வாங்கிய பொருள்களை இப்போது படுத்திருந்தபடியே கைப்பேசியில் வாங்குகிறார்கள். அதே வேளையில், குறைந்த பொருள்களோடு எளிமையாக வாழவேண்டும் என்ற விருப்பமும் இளையோரிடம் பரவி வருகிறது. அவர்களில் பலர் ஒரு விடுமுறை நாளில் அலமாரியைக் காலி செய்து, வேண்டாத துணிமணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்; சில மாதங்களில் அந்த அலமாரி மீண்டும் நிரம்பிவிடுகிறது. இதற்கு மனஉறுதி போதவில்லை என்று காரணம் சொல்வது வழக்கம். அந்தக் காரணம் தவறானது என்பதையும், பொருளை வாங்கலாம் என்று முடிவாகும் சில நொடிகளில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கே எளிய வாழ்வு கைகூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபோர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்து வந்தார். எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்தபோது அந்த நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னதாக ஓர் அடையாளம் காட்டப்பட்டது. அடையாளத்துக்குப் பின் சாறு வரும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு அடையாளம் தோன்றும் கணத்துக்கு இடம் மாறியது; சாறு வாயில் விழும்போது நரம்பணுக்களிடம் தனியான துடிப்பு எதுவும் இல்லை. அடையாளம் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டபோது, சாறு வரவேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997இல் பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, டோபமின் துடிப்பு என்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கும் சமிக்ஞை என்று விளக்கியது.

இதனுடன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டோபமின் ஏறத்தாழ முற்றிலும் நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. அப்படியே விட்டால் பட்டினியால் இறந்துவிடும் நிலையில் இருந்தன. ஆனால் அவற்றின் நாக்கில் சர்க்கரை நீரை வைத்தபோது, மற்ற எலிகளைப் போலவே சுவைத்து உதட்டை நக்கின. ஒன்றை நாடுவதும் அதைச் சுவைத்து மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது இதிலிருந்து தெரியவந்தது. கைப்பேசியில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்த பெண் அது கிள்ளானிலிருந்து புறப்பட்டுவிட்டதா, ஈப்போ கிடங்குக்கு வந்துவிட்டதா என்று நாளைக்குப் பலமுறை பார்ப்பதும், பொட்டலம் வந்த அன்று நாடாவைக் கிழித்து ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுக் குமிழ் உறையோடு அலமாரியின் மேல் வைத்துவிடுவதும் இந்த வகையில் புரிந்துகொள்ளக்கூடியவை. நாட்டம் முழுவதும் காத்திருந்த நாள்களிலேயே செலவாகிவிட்டது. வந்து சேர்ந்த பொருள், குரங்குக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட சாற்றின் நிலையில் இருக்கிறது.

நாட்டத்துக்கு எதிராக மூளையில் ஒரு தடையும் இருக்கிறது. 2007இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சனும் அவருடைய குழுவினரும், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு முதலில் ஒரு பொருளின் படத்தையும், சில நொடிகள் கழித்து அதன் விலையையும் காட்டி, வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். விருப்பமான பொருளைக் கண்டதும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதி கிளர்ந்தது. விலை மிகுதி என்று பட்டபோது இன்சுலா என்ற பகுதி கிளர்ந்தது. உடல்வலி, அருவருப்பு போன்ற வேண்டாத உணர்வுகளிலும் இந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. இவ்விரண்டின் போக்கையும் முன்நெற்றிப் புறணியின் நடுப்பகுதியின் போக்கையும் வைத்து, ஒருவர் வாங்குவாரா மாட்டாரா என்பதை, அவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஓரளவு கணிக்க முடிந்தது.

பணம் கொடுக்கும்போது ஏற்படும் இந்த உறுத்தலைக் குறைத்துவிட்டால் விற்பனை பெருகும். 2001இல் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இருவரும் நடத்திய ஓர் ஏலத்தில், கூடைப்பந்து ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டுகளுக்குக் கடன் அட்டையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்ட மாணவர்கள், ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிடச் சராசரியாக இரு மடங்கு அளவுக்குக் கேட்டார்கள். சீட்டு ஒன்றுதான், வங்கியில் இருக்கும் பணமும் ஒன்றுதான். பணம் கையைவிட்டுப் போகிற உணர்வு மட்டுமே மாறியது.

கடன் நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு கையடக்கப் புத்தகம் நம்மவர்கள் பலர் வீட்டில் இருந்தது. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, குழந்தைக்குப் பால்மாவு என்று ஒவ்வொரு வரியையும் கடைக்காரர் தம் கையால் எழுதுவார். சம்பள நாளில் கல்லாவுக்கு முன் நின்று, அவர் கூட்டிச் சொல்லும் தொகையைக் காதால் கேட்டு, நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் மூழ்கிப்போன குடும்பங்களும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் அதில் ஓர் உறுத்தல் இருந்தது: வாங்கிய ஒவ்வொன்றும் பெயரோடு எதிரே வந்து நின்றது, அதைப் படித்துச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். இப்போது வாங்கிவிட்டுப் பிறகு செலுத்தும் வசதியில் 120 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள காலணி, மாதம் 40 வெள்ளி என்று மூன்றாக உடைந்து திரையில் தெரிகிறது. பெரிய எழுத்தில் இருப்பது 40. கூட்டித் தருபவர் யாரும் இல்லை. அந்த உடைப்பு உறுத்தலுக்கே மருந்து போடுகிறது என்று நான் கருதுகிறேன். இன்றைய வசதிகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

நாள் நெருங்க நெருங்கத் தேர்வு மாறிவிடும் என்பதை 1955இல் ராபர்ட் ஸ்ட்ராட்ஸ் என்ற பொருளியல் அறிஞர் எழுதினார். உளவியலில் ஜார்ஜ் எய்ன்ஸ்லி 1975இலும், பொருளியலில் டேவிட் லேப்சன் 1997இலும் அதை விரித்தார்கள். இன்று 100 வெள்ளி வேண்டுமா, நாளை 110 வெள்ளி வேண்டுமா என்று கேட்டால் இன்றைய 100ஐ எடுத்துக்கொள்பவர் பலர். அதே மனிதரிடம் 30 நாள் கழித்து 100 வேண்டுமா, 31 நாள் கழித்து 110 வேண்டுமா என்று கேட்டால், ஒரு நாள்தானே, காத்திருக்கிறேன் என்பார். இடைவெளி இரண்டிலும் ஒரு நாள்தான். 9.9, 10.10, 11.11 என்று மாதத்தோடு நாளும் ஒன்றாகும் இரவுகளில் நடக்கும் இணைய விற்பனைகள், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், கோடு போட்டு அடித்த பழைய விலை, இன்னும் 8 வெள்ளிக்கு வாங்கினால் அஞ்சல் செலவு இல்லை என்ற வரி, இவை எல்லாம் எதிர்காலத் தேர்வை இப்போதைய தேர்வாக மாற்றும் வேலையைச் செய்கின்றன. எல்லாம் நள்ளிரவில் தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர், சோர்ந்த கண்களோடு அந்தக் கடிகாரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்.

தோட்டத்து மக்களைப் பற்றி, கையில் காசு தங்காது என்று இரக்கமில்லாமல் பேசுவோர் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோதும், அறுவடைக்குப் பின் பணம் கைக்கு வந்தபோதும் அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறன் தேர்வுகள் வைக்கப்பட்டன. ஒரே மனிதர் அறுவடைக்கு முன் குறைவாகவும், பின்னர் மேலாகவும் செய்தார். சோதனை முறை பற்றிப் பின்னர் ஆய்வாளரிடையே வாதம் எழுந்தது. 2016இல் அமெரிக்கக் குடும்பங்களிடம் சம்பள நாளையொட்டி நடந்த ஆய்வில் சிந்தனைத் திறன் மாறியதாகத் தெரியவில்லை. எனினும் அந்த ஆய்விலும், சம்பளத்துக்கு முந்தைய நாள்களில் பணத்தைப் பற்றிக் கேட்டபோது மக்கள் உடனே கிடைப்பதையே கூடுதலாக நாடினார்கள். ஜெனிஃபர் லெர்னரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், சோகமான காட்சியைப் பார்த்தவர்களும் அவ்வாறே, பிறகு கிடைக்கும் பெரிய தொகையை விட்டு உடனே கிடைக்கும் சிறிய தொகையைத் தேர்ந்தார்கள். பணமுடையும் துயரமும் உள்ள வீட்டில் ஆசை கூடுதலாக வேலை செய்கிறது என்றால், அந்த வீட்டாரை ஊதாரிகள் என்று ஏசுவதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

நாட்டம் எழும் கணத்தில் அதனோடு போராடுவதைவிட, அந்தக் கணத்துக்கும் பணத்துக்கும் இடையே தூரத்தை வைப்பது பலன் தரும். கைப்பேசியில் பதிந்து வைத்த அட்டை எண்ணை அழித்துவிட்டால், எழுந்து போய்ப் பணப்பையை எடுத்துப் பதினாறு இலக்கங்களையும் தட்டியாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் உறுத்தலுக்கு இடம் கிடைக்கிறது. விற்பனை அறிவிப்பு ஒலிப்பதை நிறுத்துவது, ஷுல்ட்ஸின் சோதனையில் அடையாளத்தையே எடுத்துவிடுவதற்கு ஒப்பாகும். இரவுச் சந்தைக்குப் போகும்போது அன்றைக்கு வேண்டிய நோட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விளக்கிய ஒரு முறையும் இங்கே உதவும்: இனிச் சிக்கனமாக இருப்பேன் என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட, இரவு பத்து மணிக்கு மேல் ஏதாவது பிடித்துவிட்டால் அதைக் கூடையில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்ப்பேன் என்று சூழலையும் செயலையும் சேர்த்து முடிவு செய்தவர்கள் அதைக் கூடுதலாக நிறைவேற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம். அது வேண்டிய பொருளாகவே இருக்கக்கூடும்.

வாசலைக் காக்காமல் அலமாரியைக் காலி செய்வது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை கொடுக்கப்பட்டது. சற்று முன்புதான் அது அவர்களுடையதாயிற்று. ஆயினும் அதை விற்க அவர்கள் கேட்ட விலை, குவளை கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. உரிமையானதை இழப்பது மனத்துக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே வீட்டுக்குள் வராமல் தடுக்கப்படும் பொருளுக்கு ஆகும் முயற்சி, வந்த பொருளை வெளியேற்றும் முயற்சியைவிடக் குறைவு. பாட்டியின் பித்தளைச் செம்பையும் கல்யாணப் புடவையையும் எடுத்து வைத்துக்கொண்டு கண்கலங்குவதில் எளிய வாழ்வைத் தொடங்க வேண்டியதில்லை. அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

தூரம் வைக்கும் முறைகளுள் வலுவானது, பணத்தை முன்கூட்டியே கட்டிப்போடுவது. நவா அஷ்ராஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகிய மூவரும் பிலிப்பீன்ஸின் மின்டனாவ் தீவில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு, தாங்களே குறித்த நாளோ தொகையோ வரும்வரை எடுக்கமுடியாத கணக்கை அளித்தார்கள். வட்டி வழக்கமானதுதான். 28 விழுக்காட்டினர் அந்தப் பூட்டைத் தாமாகவே ஏற்றார்கள். அந்த வாய்ப்பு அளிக்கப்பட்ட குழுவின் சேமிப்பு ஓராண்டில், அளிக்கப்படாத குழுவைவிட 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்தது என்று 2006இல் வெளியான அவர்களின் கட்டுரை கூறுகிறது.

நம் தோட்டங்கள் இந்த ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்று, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பால்மரம் சீவியவர்களின் கூலியிலிருந்து மாதம் 10 வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கைக்கு வந்துவிட்டால் கரைந்துவிடக்கூடிய 10 வெள்ளியை, ஆசை எழுவதற்கு முன்பே வேறிடத்துக்கு அனுப்பிய ஏற்பாடு அது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் புதிய பங்களிப்பின் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. அவசரத்துக்கு அது பெரிய உதவிதான், ஆனால் அதில் பூட்டு இல்லை என்பதை நினைவில் வைத்தே அதைத் தொடவேண்டும்.

பெண்கள் தங்களுக்குள் பிடிக்கும் கூட்டும், அதாவது மாதந்தோறும் எல்லாரும் பணம் போட்டு, சேர்ந்த தொகையை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டும், இதே வேலையைச் செய்கிறது. கென்யாவில் இத்தகைய குழுக்களை ஆராய்ந்த மேரி கே குகர்ட்டி, தனியாகச் சேமிக்க முடியாது என்பதாலேயே அவர்கள் சேர்கிறார்கள் என்று 2007இல் எழுதினார். மாதத் தவணையைக் கட்டாவிட்டால் அடுத்த வீட்டு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தத் தயக்கம் எந்தக் கடவுச்சொல்லையும்விட உறுதியான பூட்டு. நெருங்கி அறிந்தவர்களுக்குள் மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முன்பின் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் அழைக்கும் கூட்டில் பணம் போடுவது ஆபத்து. கூட்டில் சேர விரும்பாதவர்கள், சம்பளம் ஏறும் நாளுக்கு மறுநாள் ஒரு தொகை தானாகவே வேறு கணக்குக்கு மாறும்படி வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தக் கணக்குக்கு அட்டையும் வேண்டாம், கைப்பேசிச் செயலியும் வேண்டாம்.