இம்பிளான்ட் பல் கூசாது: சுற்றியுள்ள ஈறை அளக்கச் சொல்லுங்கள்

மார்கழிக் காலையில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தால் சொந்தப் பல் கூசும். இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் இம்பிளான்ட் பல் கூசாது. அதற்கு நரம்பில்லை, டைட்டானியம் திருகு நேரடியாக எலும்போடு ஒட்டியிருக்கிறது. வலி இல்லையே என்று பலரும் பரிசோதனைக்கு வருவதில்லை. சுற்றியுள்ள எலும்பு பாதி கரைந்த பிறகும் அந்தப் பல் ஆடாமல் நிற்கும்.

சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் பதிந்து வேலிபோல் தடுக்கும். இம்பிளான்ட்டில் அவை பதிவதில்லை, திருகை ஒட்டி ஓடுகின்றன, அவ்வளவுதான். அதனால் ஈறில் தொடங்கும் அழற்சி சீக்கிரமே எலும்புக்கு இறங்கிவிடும். ஈறோடு நிற்கும்போது பிடித்தால் சுத்தம் செய்தே சரியாக்கலாம். கரைந்த எலும்பை முழுதாக மீட்பது கடினம்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பலர் கோவைக்கு இறங்கி இம்பிளான்ட் வைத்துக்கொண்டு, பிறகு ஊரிலேயே காட்டுகிறார்கள். கையில் பழைய பதிவு எதுவும் இருப்பதில்லை. திருகின் மேல் பல் வடிவ கேப் மாட்டியதும் எடுத்த எக்ஸ்ரே, அப்போது அளந்த ஈறு ஆழம் (ஈறுக்கும் இம்பிளான்ட்டுக்கும் இடையிலான பள்ளம்), இம்பிளான்ட்டின் கம்பெனி, நீள அகலம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி போனில் படம் பிடித்து வையுங்கள். ஈறு தடித்தவருக்கு முதல் நாளே 5 மி.மீ. ஆழம் இருக்கலாம், பதிவு இல்லாவிட்டால் அது புதிதா பழையதா என்று சொல்ல முடியாது. பழைய பதிவு இல்லாதவர்களுக்காக வல்லுநர்கள் 2017இல் கூடி ஒரு வரையறை வகுத்தார்கள்: ரத்தக் கசிவு, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இழப்பு. மூன்றும் சேர்ந்திருந்தால் எலும்பு வரை நோய் போய்விட்டது என்று பொருள்.

ஆழம் பார்க்க புரோப் என்ற மெல்லிய அளவுக் கம்பியை இம்பிளான்ட்டைச் சுற்றி ஆறு இடங்களில் விடுவார்கள். 25 கிராம் அழுத்தம் போதும். இதனால் இம்பிளான்ட் கெடாது, பயப்பட வேண்டாம். ஓரிடத்தில் புள்ளியாக ரத்தம் வந்தால் அது குத்தியதால்கூட இருக்கலாம். கோடாகவோ துளியாகவோ கசிந்தாலும், சீழ் வந்தாலும், உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் திருகின் மரைகள் இரு பக்கமும் கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கியிருந்தால் கோணம் தவறு, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். மரைகளை எண்ணித்தான் எலும்பு எவ்வளவு இறங்கியது என்று கணக்கிடுகிறோம்.

கேப் மட்டும் ஆடினால் பெரும்பாலும் உள்ளிருக்கும் சின்னத் திருகு தளர்ந்திருக்கும்; முறுக்கினால் சரியாகிவிடும். கேப் ஒட்டிய சிமென்ட் ஈறுக்கடியில் தங்கி அழற்சி உண்டாக்குவதும் அடிக்கடி நடப்பது. சில வகை சிமென்ட் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

டீயோடு வர்க்கி சாப்பிட்டால் அதன் மாவு கேப் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். வெறும் கொப்பளிப்பு போதாது. கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்ட இடைப்பல் பிரஷ்ஷை இரவில் இருபுறமும் விடுங்கள். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், முன்பு ஈறு நோயால் பல் இழந்தவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்தும் பிரஷ்ஷில் ரத்தம் தெரிந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.