தேத்தண்ணிக்கு வேண்டாம், பாதைக்காரருக்கு வேண்டும்

உப்புவெளியில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பில் வேலை செய்யும் வாசகி ஒருவர் போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சீசன் காலத்தில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, ஒரு நாளைக்கு நூறு தடவையாவது வெளிநாட்டுக்காரரிடம் 'தாங்க் யூ' சொல்கிறாராம். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள், வீட்டில் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோதும் 'நன்றி அம்மா' என்று வாயில் வந்துவிட்டது. அம்மா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, நான் என்ன பிறத்தி ஆளே?" என்று கேட்டாராம். குரலில் கோபம் இல்லை, ஆனால் கொஞ்சம் நொந்துபோன மாதிரி இருந்ததாம். "எங்கட ஆக்களுக்கு நன்றி சொல்லவும் தெரியாது, சொன்னா வாங்கவும் தெரியாதோ? இதுக்கு விஞ்ஞானத்தில விளக்கம் ஏதும் இருக்கா?" இதுதான் கேள்வி.

விளக்கம் இருக்கிறது. அதுவும் நான் நெடுநாளாக எழுத ஆசைப்பட்ட விசயம்.

முதலில் அம்மாவின் பக்கத்தைப் பார்ப்போம். 2018இல் சிமியோன் ஃபிளாய்ட், நிக் என்ஃபீல்ட் முதலான மொழியியலாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள். ஆங்கிலம், இத்தாலியன், போலிஷ், ரஷ்யன் ஆகியவற்றோடு லாவோஸ், கானா, எக்குவடோர், அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் மொழிகளும் அதில் இருந்தன. வீடுகளிலும் ஊர்களிலும் மனிதர்கள் சாதாரணமாகப் பேசிப் பழகுவதை அப்படியே வீடியோவில் பதிந்து, ஒருவர் ஒன்றைக் கேட்க மற்றவர் செய்து கொடுத்த இடங்களை எல்லாம் எண்ணினார்கள். அந்தக் கத்தியை எடு, கொஞ்சம் தள்ளி இரு என்கிற மாதிரியான சின்னச் சின்ன உதவிகள். செய்து கொடுத்த பிறகு எத்தனை தடவை 'நன்றி' வந்தது தெரியுமா? சராசரியாக இருபதுக்கு ஒன்று. 'தாங்க் யூ' என்பதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்ததாக நாம் நினைக்கும் ஆங்கிலக்காரர்கூட வீட்டுக்குள் ஏழுக்கு ஒரு தடவைதான் சொன்னார்கள். எக்குவடோரின் சாப்பலா மொழியில் ஒரு தடவைகூட இல்லை. அந்த மொழியில் அதற்கென்று வழக்கமான சொல்லே கிடையாது. ஆனாலும் அவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதில் குறை ஒன்றும் இல்லை.

அதே குழுவினரின் இன்னொரு கணக்கின்படி, மனிதர் கூடியிருக்கும் இடத்தில் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் யாரிடமோ ஏதோ ஒன்றைக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் சமைக்க நேரம் இருக்காது. ஆகவே வீட்டுத் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லாததை நம்முடைய குறை என்று நினைக்க வேண்டியதில்லை. மனித இனமே அப்படித்தான்.

அந்நியரிடம் வாங்கிய உதவியின் கணக்கை அங்கேயே தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அவரைக் காண்போமோ தெரியாது. வீட்டுக்குள் கணக்குத் திறந்தே கிடக்கும். அது திறந்து கிடப்பதுதான் உறவு. தாயிடம் நன்றி என்று சொல்லும்போது அந்தக் கணக்கை முடித்துவிடுகிற தொனி வந்துவிடுகிறது. அம்மாவுக்கு நொந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் அயல்வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ரமழானில் நோன்புக் கஞ்சி வந்த சட்டி நம் வீட்டு அலுமாரியில் கொஞ்ச நாள் இருந்து, தைப்பொங்கலுக்குப் புக்கையோடு திரும்பிப் போகும். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி முருங்கையிலையாவது வைத்துக் கொடுப்போம். வாயால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. சட்டிதான் சொல்கிறது.

இந்தத் திறந்த கணக்கு மூளையில் எப்படி வந்தது என்பதற்கு 1971இல் ரொபர்ட் டிரைவர்ஸ் என்ற பரிணாம உயிரியலாளர் ஒரு விடை சொன்னார். உறவல்லாத உயிர்கள் இரண்டு மாறி மாறி உதவிக்கொள்ள வேண்டுமென்றால், யார் எவ்வளவு உதவினார் என்பதை நினைவில் வைத்து, திருப்பிச் செய்யத் தூண்டுகிற ஓர் உணர்ச்சி வேண்டும். அந்த உணர்ச்சிதான் நன்றி. அது எவ்வளவு சுரக்கும் என்பது மூன்றைப் பொறுத்தது என்று 1968இலேயே ஓர் உளவியல் சோதனை காட்டியிருந்தது. உதவியவர் மனமறிந்து செய்தாரா, அதற்காக அவர் எவ்வளவு இழந்தார், நமக்கு அது எவ்வளவு பெறுமதி என்பவை அந்த மூன்று. பழந்தமிழில் 'நன்றி' என்ற சொல்லே செய்த நன்மையைத்தான் குறித்தது. அதை அறிந்துகொள்வதுதான் 'செய்ந்நன்றி அறிதல்'. உதவியைச் சரியாக அளந்து அறிவதற்குத்தான் நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

சரி, தேத்தண்ணி விசயம் முடிந்தது. இந்த மூன்று அளவிலும் உச்சத்துக்குப் போன உதவிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறோம்?

எனக்கே அப்படி ஒன்று இருந்தது. நான் ஆலங்கேணிப் பிள்ளை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் திருகோணமலை நகரத்துக்குப் போவதென்றால் கிண்ணியாத் துறையில் பாதை ஏற வேண்டும். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடக்கும் அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். என் சாதாரண தரப் பரீட்சையில் கணிதப் பாடத்தன்று, மார்கழி மழையில் நனைந்து நான் துறைக்கு ஓடி வந்தபோது பாதை கரையை விட்டு நகரத் தொடங்கிவிட்டது. அடுத்தது வருவதற்குள் பரீட்சை ஆரம்பித்துவிடும். பாதையில் வேலை செய்த நானா ஒருவர் என் கையிலிருந்த அடிமட்டத்தையும் அனுமதி அட்டை வைத்திருந்த பொலித்தீன் பையையும் பார்த்தார். பாதையைத் திரும்பக் கரையில் அணைக்கச் செய்தார். ஏறியிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் பேசவில்லை. என் புத்தகப் பையை வாங்கித் தன் தலைக்கு மேலே விரித்திருந்த படங்குக்குக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பாதையில் போய் வந்தேன். ஒரு தடவையும் சொல்லவில்லை. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்புறம் பாலம் வந்தது, பாதை நின்றது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அமித் குமாரும் சிக்காகோவின் நிக்கலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது, அது அந்தத் துறையில் நின்ற என்னைப் பார்த்தே எழுதினது போல இருந்தது. சோதனை மிக எளிமையானது. தங்கள் வாழ்க்கையில் உதவிய ஒருவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தவரிடம், இதைப் பெறுகிறவர் எவ்வளவு ஆச்சரியப்படுவார், எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதம் கிடைத்தவரிடமே போய் உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். எழுதினவர்களின் ஊகம் ஒரே பக்கமாகப் பிழைத்திருந்தது. ஆச்சரியத்தையும் மகிழ்ச்சியையும் குறைவாக மதித்திருந்தார்கள். சங்கடத்தைக் கூடுதலாக மதித்திருந்தார்கள்.

ஏன் இந்தப் பிழை வருகிறது என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. எழுதுகிறவர் தன்னைத் திறமை என்ற தராசில் வைத்துப் பார்க்கிறார். சரியான சொல் விழுந்ததா, வசனம் ஒழுங்காக முடிந்ததா, தடுமாறினேனா என்றுதான் அவர் மனம் ஓடுகிறது. பெறுகிறவர் கையில் இருப்பது வேறு தராசு. இந்த ஆள் என்னை மனதில் வைத்திருந்திருக்கிறாரே என்ற அன்பின் சூட்டைத்தான் அவர் நிறுக்கிறார். ஒரே செயலை இரண்டு பேர் இரண்டு தராசில் நிறுக்கிறார்கள். நம் தராசில் எடை குறைவாகக் காட்டுவதால், அவர் தராசிலும் அப்படித்தான் காட்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறோம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. என் நன்றி எனக்குப் பழையது. பல வருடம் அதைச் சுமந்து திரிந்திருக்கிறேன், ஆகவே அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று என் மூளை முடிவு கட்டிவிடுகிறது. அவருக்கோ அது முற்றிலும் புதுச் செய்தி. எனக்குள் இருப்பது என் முகத்தில் எழுதியிருக்கிறது என்று நம்புவது நம் எல்லாருக்கும் உள்ள பிழை. ஆச்சரியத்தை ஏன் குறைவாக ஊகிக்கிறோம் என்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிழையான கணக்கின் விலையோ பெரியது. சங்கடம் வரும் என்று பயந்தவர்கள் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். சொல்லாதபடியால், கணக்குப் பிழை என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போத்தலில் 'நன்றி' என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் அழகான படிகமாக உறையும் என்று ஒரு செய்தி வருடத்துக்கு இரண்டு தடவையாவது வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கன்னியா வெந்நீரூற்றுப் படத்தையும் சேர்த்து எனக்கு ஒருவர் அனுப்பியிருந்தார். ஜப்பானைச் சேர்ந்த மசாரு எமோட்டோ பரப்பிய கருத்து இது. உறைந்த பல துளிகளில் எதைப் படமெடுப்பது என்று அந்த ஆட்களே தெரிவு செய்தால் விரும்பிய வடிவம் கிடைக்கத்தான் செய்யும். அதே ஜப்பானின் இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா 1936இல் ஆய்வகத்தில் பனிப்படிகத்தை வளர்த்தார். அதன் வடிவத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் ஈரப்பதமும் என்று காட்டியவரும் அவர்தான். தண்ணீருக்குக் காது இல்லை. பக்கத்து வீட்டு மனிசிக்கு இருக்கிறது. போத்தலுக்குச் சொல்லும் நன்றியை அவருக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. அவை வட்ஸ்அப்பில் சுற்றாதது எனக்குப் பெரிய கவலை.

இன்னொரு கவலையும் உண்டு. நான் சொன்ன எட்டு மொழிகளில் தமிழ் இல்லை. நன்றி பற்றிய உளவியல் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மாணவரை வைத்துச் செய்தவை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சுற்றிலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகம் ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்கிறது. ஒரு கமெரா, நாலு மாணவர், ஒரு தவணைக் காலம் போதும், உலகத்தில் எவரிடமும் இல்லாத தரவு நம் கையில் இருக்கும். ஆராய்ச்சிப் பணம் என்றால் பெரிய இயந்திரம் வாங்குவது மட்டும்தான் என்ற எண்ணம் நம் அதிகாரிகளிடம் மாற வேண்டும்.

சொல்வதென்று முடிவெடுத்தால் எப்படிச் சொல்வது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சாரா அல்கோ என்ற உளவியலாளர் துணைவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிந்து பார்த்தார். 'எனக்குப் பெரிய நிம்மதியாப் போச்சு' என்று தன் பயனைச் சொன்ன நன்றியைவிட, 'கேக்காமலே கவனிச்சுச் செய்யிற குணம் உங்களுக்கு' என்று மற்றவரின் குணத்தைச் சொன்ன நன்றி கேட்டவரின் மனதை நன்றாகத் தொட்டது. ஒன்றில் நடுவில் நிற்பது நான், மற்றதில் நீங்கள்.

போன வருடம் கிண்ணியாவில் விசாரித்து அந்த நானாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. முற்றத்தில் கதிரையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் தடுமாறித்தான் சொன்னேன். மழை, பாதை, அடிமட்டம் எல்லாம் முன்பின்னாகப் போயின. ஆட்கள் ஏசினபோதும் ஒரு பிள்ளையின் கையைப் பார்த்தே விசயத்தை விளங்கிக்கொண்டீர்களே, அந்த மனம் எல்லாருக்கும் வராது நானா என்றேன்.

அவருக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எந்த வருசம், எந்த மாசம் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பொத்தல் ஊசியை மடியில் வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே பார்த்துப் பேரனைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்க மகன், வந்து இதில இருங்க." என்னைப் பார்த்து, "தம்பி, அதை இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.